ரொட்டித் துணியும் உங்கள் பெயரும்

சால்தா,
திங்கள்கிழமை, கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகு.

என் மகனுக்கு மாமியாரும், தையலில் இந்த வடக்குப் பக்கத்திலேயே நிகரில்லாதவரும், கோபத்திலும் அவ்விதமே ஆனவருமான துக்குமான் நகரத்துச் சம்பந்தியம்மா தோன்யா ஹெர்மெலிந்தா கின்தெரோஸ் அவர்களுக்கு, சால்தாவிலிருந்து கசில்தா மாமானி மிகுந்த பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் பதினோரு கோழிகளும் சுகமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் மூன்று நாளாகத் தனியாக ஏதோ முனகிக்கொண்டிருக்கிறது. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் இரத்த அழுத்தமும் எப்படி? மேற்கொண்டு படிக்கும் முன் அந்த வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சற்று சாய்ந்து உட்காரவும்.

தொலைபேசியில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். தொலைபேசியில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், காகிதத்தில் அது முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்த ஐந்து வருடமும் கையெழுத்துக்கு நான்தான் முதல். கன்னியாஸ்திரிகள் என் நோட்டைத்தான் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அதனால் எழுத்து புரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரவுப் பேருந்து ஓட்டுகிற பையன் நம் பேத்தி ஹசிந்தாவைக் கட்டிக்கொள்ளப் போகிற ரமீரோவின் சிநேகிதன். அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். ஹசிந்தாவின் நிச்சயதார்த்தத்தன்று, எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒன்று சொன்னீர்கள். "பேர் உள்ள பொம்பளைங்க பென்யாவுக்குப் போகமாட்டாங்க. அங்க பாட்டுக் கச்சேரிங்கிற பேர்ல ஒயின் ஊத்துறாங்க, தரையை மிதிக்கிறாங்க, விடிய விடிய விதவைங்களும்கூட ஆடுறாங்க" என்றீர்கள். நான் மறுக்கவில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள் சம்பந்தியம்மா. சென்ற வெள்ளிக்கிழமை இரவு சால்தாவில் ஒரு பென்யாவுக்கு நீங்கள் போகவில்லை. உங்கள் பெயர் மட்டும் போய்விட்டது.

மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை, கல்யாணப் பந்தியில் ரொட்டிக் கூடைக்குப் போர்த்துவதற்காக நீங்கள் தைத்து அனுப்பிய அந்த வெள்ளைத் துணியை இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். அருமையான துணி. மூலையில் சிவப்பு நூலில் 'ஹெர்மெலிந்தா கின்தெரோஸ், துக்குமான்' என்று விரல் பருமனுக்கு எழுத்துப் போட்டிருந்தீர்கள், ரொட்டியைத் தின்கிறவர்கள் யார் கைவேலை என்று மறந்துவிடக் கூடாதல்லவா? அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். வாசலில் ரமீரோவின் டாக்சி நின்றது, உள்ளே நம் ஹசிந்தா. நம் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, தலையில் ஒரு மல்லிகைக் கொத்தைச் செருகிக்கொண்டு வண்டி ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது தெருவிளக்கு எதற்கு என்று தோன்றியது. "பாட்டி, இன்னிக்கு ராத்திரி நான் எலுமிச்சை முற்றத்துல பாடப் போறேன், முதல் தடவை. நீ வரலைன்னா தொண்டையே திறக்காது" என்றாள். நான் சொன்னேன், "கதவு வரைக்கும் வர்றேன், உள்ள வரமாட்டேன்." எங்கள் வீட்டில் யாரும் பாடினதில்லை. என் மகன் குளியலறையில் கூட விசில் அடிக்காதவன். இந்தக் குரல் உங்கள் பக்கத்திலிருந்து வந்ததாக நீங்கள் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். அதைப் பற்றி இன்றைக்குப் பேச வேண்டாம்.

எலுமிச்சை முற்றம் நள்ளிரவுக்குப் பிறகுதான் திறக்கும். மற்ற பென்யாக்களில் வேலை முடித்த பாட்டுக்காரர்கள், தங்களுக்காகவே பாடிக்கொள்ள அங்கே வருவார்கள். அதுவரை எங்கே போவது? முதலில் பல்கார்சே தெருவில் ஒரு பெரிய பென்யாவின் கதவு வரைக்கும் போனேன். கதவிலே நின்றால் காற்று அடிக்கிறது என்று உள்ளே ஒரு நாற்காலி கொடுத்தார்கள். சிவப்புப் போஞ்சோ போட்ட பையன்கள் மேடையில் காலை உதறி உதறி ஆடினார்கள். எங்கிருந்தோ பேருந்தில் வந்த வெள்ளைத் தொப்பிக்காரி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு படம் எடுத்துக்கொண்டாள். என் சால்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நானும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினாள். நானும் எழுந்து வணங்கினேன், மரியாதைக்குத்தான். அங்கிருந்து இரண்டாவது பென்யாவின் கதவு வரைக்கும் போனேன். அங்கே சக்கரேரா ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. உங்கள் மருமகனின் தகப்பன், என் காலஞ்சென்ற வீட்டுக்காரர், சக்கரேரா என்றால் தரையை மட்டுமல்ல, மேசையையும் உடைப்பார். இங்கே யாரோ ஒரு தடியன் தரைப் பலகையை உடைத்து முட்டி வரைக்கும் உள்ளே போய்விட்டான். அவன் காலை வெளியே இழுக்கும்வரை பாட்டு நிற்கவே இல்லை. அவனும் கைதட்டுவதை நிறுத்தவில்லை. அங்கே ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். கிளாஸை வாங்கிக்கொண்டுதான் வேண்டாம் என்றேன்.

வெளியே வந்தபோது லபாச்சோ மரங்கள் எல்லாம் பூத்திருந்தன, சம்பந்தியம்மா. இலை ஒன்றுகூட இல்லை, பூ மட்டும். தெரு முழுக்க இளஞ்சிவப்பாக உதிர்ந்து கிடந்தது. டாக்சி அதன் மேல் ஓடும்போது சத்தமே வரவில்லை. சான் பெர்னார்தோ குன்றின் பின்னாலிருந்து நிலா பாதி எழுந்து, மேலே வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். எனக்கு எழுபத்தொரு வயது. வீட்டுக்காரர் போன பிறகு பதினோரு வருடமாக, கோழிகள் அடையும்போது நானும் படுத்துவிடுகிறவள். அந்த நேரத்தில் இந்த ஊர் இப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. என்னைத் தூங்க வைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து இன்னொரு ஊரைக் கட்டி வைத்திருந்த மாதிரி இருந்தது.

எலுமிச்சை முற்றம் என்பது ஒரு ரொட்டிக்கடையின் பின்கட்டு. நடுவில் ஒரு மரம், அதில் நாலு விளக்கு. மேசைகளில் மெழுகுதிரி. மேடை கிடையாது. பாடுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடுகிறார். மற்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். யாரும் நிறுத்தச் சொல்லாமலேயே நிறுத்துகிறார்கள். நான் உட்கார்ந்தது முரசு வாசிக்கிற மனிதரின் பக்கத்தில். பெரிய பொம்போ முரசு, ஆட்டு ரோமம் அப்படியே இருக்கிற தோல். அவர் அதைத் தட்டும்போது சத்தம் காதுக்கு வரவில்லை, நேராக வயிற்றுக்கு வந்தது. பெயர் எவாரிஸ்தோ. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருடம். இதெல்லாம் நான் கேட்கவில்லை, ரமீரோ சொன்னான். உயரம் அதிகம் இல்லை. மீசையைக் கத்தரித்து வைத்திருக்கிறார். ஒரு கன்னத்தில் எப்போதும் கோக்கா இலையை அதக்கியிருப்பதால் சிரிக்கிறாரா மெல்லுகிறாரா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். நான் கண்டுபிடிக்க முயற்சி எதுவும் செய்யவில்லை.

அவர் ஒரு தட்டு எம்பனாதாவை என் பக்கம் தள்ளினார். அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது, நம் சால்தா பக்குவம். அதாவது மாவுக்குள் இறைச்சியோடு உருளைக்கிழங்கும் அடைத்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன் நம் பிள்ளைகளின் கல்யாணத்தில் நீங்கள் ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "இறைச்சி வாங்க வக்கில்லாதவங்கதான் உருளைக்கிழங்கை அடைப்பாங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கலாம். எனக்கு இருக்கிறது. துடைத்துக்கொள்ளத் துணி எதுவும் மேசையில் இல்லாததால், பாவாடையில் எண்ணெய் சொட்டிவிடுமே என்று பையிலிருந்து உங்கள் ரொட்டித் துணியை எடுத்து மடியில் விரித்தேன். மன்னிக்கவும். மூன்று தின்றேன். நாலாவது வாயில் இருந்தது. அந்தச் சமயத்தில் அவர் குனிந்து என் மடியிலிருந்த சிவப்பு எழுத்தைப் படித்தார்.

"தோன்யா ஹெர்மெலிந்தா! துக்குமானிலேர்ந்தா வந்திருக்கீங்க?" என்றார்.

இங்கேதான் தவறு நடந்தது. என் வாய் நிறைய எம்பனாதா. சூடு. அந்த நிலையில் ஒரு மனுஷி பேச முடியுமா? தலையைத்தான் ஆட்ட முடியும். மேலும் கீழுமாக ஆட்டிவிட்டேன். விழுங்கி முடித்த பிறகு சரிசெய்திருக்கலாம் என்பீர்கள். செய்திருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் கேட்டார், "துக்குமான்காரங்களுக்கு எங்க எம்பனாதா புடிக்குதா?" நான், "ஏன் புடிக்காம? இன்னும் ரெண்டு வைங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். மென்றார். அல்லது சிரித்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அது சௌகரியமாகவும் பட்டது. கசில்தாவாக இருந்தால் கோழிக்கூண்டைப் பூட்டினேனா என்ற கவலை இருக்கும். மகனுக்குத் தெரிந்தால் என்ன சொல்வான் என்று இருக்கும். ஹெர்மெலிந்தாவுக்கு அப்படி ஒரு கவலையும் இல்லை. அவர் வெளியூர்.

அப்புறம் ஹசிந்தா பாடினாள். எழுந்து நிற்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸாம்பாப் பாட்டை ஆரம்பித்தாள், மெதுவாக, யாரையோ எழுப்பக் கூடாது என்பது போல. மெழுகுதிரிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அது காற்றினால் இருக்கலாம். பக்கத்து மேசையில் ஒரு முரட்டு ஆள் தொப்பியைக் கழற்றினான். இது என் பேத்தி என்று எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் துக்குமான் ஹெர்மெலிந்தாவாக இருந்துகொண்டு எப்படிக் கத்துவது? அப்புறம்தான் உறைத்தது, ஹெர்மெலிந்தாவுக்கும் அவள் பேத்திதானே! கத்தினேன். "அது என் பேத்தி!" ஆக, அந்த விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை.

எவாரிஸ்தோ முரசைத் தன் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, என் முன்னால் வந்து நின்றார். ஸாம்பா ஆட்டத்துக்கு அப்படித்தானே கூப்பிடுவது? கைக்குட்டை இல்லாமல் ஆட முடியாது. என்னிடம் இருந்தது உங்கள் ரொட்டித் துணி. மற்றப் பெண்கள் கையில் பட்டாம்பூச்சி அளவுக்கு ஒன்று பறக்கிறது, என் கையில் ஒரு தலையணை உறை. ஆனாலும் சம்பந்தியம்மா, அது காற்றில் விழுந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது அல்லவா, சரசரவென்று விரிந்து, எண்ணெய்க் கறை எதுவும் தெரியாமல், பால் ஊற்றின மாதிரி இறங்கியது. உங்கள் தையலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்த ரொட்டியும் செய்திருக்காது.

அந்த ஆட்டம் உங்களுக்குத் தெரியும். ஆடினதே இல்லை என்று சொல்வீர்கள், நானும் நம்புவதாக வைத்துக்கொள்வோம். கை படக் கூடாது. அவர் வருவார், நான் விலக வேண்டும். நான் துணிக்குப் பின்னால் முகத்தை மறைக்க, அவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வர, அங்கேயும் நான் இருக்கக் கூடாது. பதினோரு வருடமாக ஆடாத கால் எப்படிப் போயிற்றோ தெரியாது, தரை எனக்குக் கீழே எங்கோ தூரத்தில் இருந்தது. முழங்கால் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. எலுமிச்சைப் பூ வாசனை, முரசு, நம் குழந்தையின் குரல். எனக்கு எழுபத்தொன்றா, இருபத்தொன்றா, நான் கசில்தாவா, நீங்களா, ஒன்றும் நினைவில்லை. "ரெண்டாம் பாதி வருது!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். இரண்டாம் பாதி வந்தது. கடைசிச் சுற்று. ஆண் தன் கைக்குட்டையை இரண்டு கையிலும் பிடித்துப் பெண்ணின் தலைக்குப் பின்னால் கிரீடம் மாதிரிக் கொண்டுவர வேண்டும். அதோடுதான் ஸாம்பா முடியும். அதற்கு முன் எது நின்றாலும் அது முடியாத ஆட்டம். அவர் இரண்டு கையையும் தூக்கினார். கண்ணுக்கு நேரே பார்த்தார். நான் விலகவில்லை.

அப்போது பின்னாலிருந்து அந்தத் தொப்பிக்கார முரடன், "பலே, ஹெர்மெலிந்தா!" என்று முற்றமே அதிரக் கத்தினான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஆணையாகச் சொல்கிறேன், கறுப்பு உடையில், பையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அங்கே நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். நான் திரும்பிய வேகத்தில் எவாரிஸ்தோவின் கைக்குட்டை, தட்டு எடுக்க வந்த பரிமாறுகிறவன் கழுத்தில் விழுந்தது. ஹசிந்தா பாட்டை நிறுத்திவிட்டு, "எந்தப் பாட்டி? எந்தப் பாட்டி வந்திருக்கா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சால்வையை எடுத்துக்கொண்டு டாக்சிக்கு ஓடிவிட்டேன். முழங்கால் பேச ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான். வழியெல்லாம் ரமீரோ, "பாட்டி, நீ துக்குமானுக்கு எப்ப குடி போனே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். கல்யாணம் இன்னும் நடக்கவில்லை என்பதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து பார்த்தால், ரொட்டித் துணி இல்லை. ஓடிவந்த அவசரத்தில் முற்றத்திலேயே விட்டிருக்கிறேன், இப்போது அது அவர் கையில் இருக்கிறது.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். சனிக்கிழமை கல்யாணத்துக்கு வாசிக்க ரமீரோ ஏற்பாடு செய்திருக்கும் குழு வேறு யாருமில்லை, அவர்கள்தான். எவாரிஸ்தோ வருவார். ரமீரோவிடம் கேட்டிருக்கிறார், "தோன்யா ஹெர்மெலிந்தா கல்யாணத்துக்கு வர்றாங்களா? அவங்களுக்கு ஒண்ணு திருப்பிக் கொடுக்கணும். ஒண்ணு பாக்கியும் இருக்கு" என்று. அந்த மடையன், "கட்டாயம் வர்றாங்க, முதல் வரிசையில கறுப்பு உடையில இருப்பாங்க" என்று சொல்லியிருக்கிறான். நினைத்துப் பாருங்கள். பாதிரியார் முன்னால், இரண்டு குடும்பமும் பார்க்க, அவர் உங்களிடம் வந்து கைக்குட்டையை விரிப்பார். நீங்கள் கைப்பையால் அடிப்பீர்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

என் அவமானத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இல்லை, இருக்கிறது. ஆனால் அதைவிட வேறு ஒன்று இருக்கிறது, அதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தும் தெரியவில்லை. இந்த வயதில் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வருகிறார், சம்பந்தியம்மா. வேறொருத்தியின் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு வருகிறார்.

ஆகையால் ஒரே ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் நீங்கள் கசில்தாவாக இருந்துவிடுங்கள். நான் நீங்களாக இருந்துகொள்கிறேன். கசில்தாவாக இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கொஞ்சம் சத்தமாகச் சிரிக்க வேண்டும், பேத்தியைப் பற்றிப் பெருமை பேச வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பதிலாக, நான் வாழ்நாளில் யாருக்கும் கொடுக்காத ஒன்றைக் கொடுக்கிறேன். கல்யாணப் பந்தியில் எம்பனாதா உங்கள் பக்குவப்படியே இருக்கட்டும். உருளைக்கிழங்கு கிடையாது. ஒரு துண்டுகூட. எழுதிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். மேலும், இனி இந்த ஜென்மத்தில் எந்தப் பென்யாவின் கதவு வரைக்கும்கூடப் போகமாட்டேன் என்று உறுதி சொல்கிறேன். அந்த மனிதரோடு எனக்கு ஒன்றுமில்லை. அன்று ராத்திரி ஒயினும் நிலாவும் சேர்ந்து செய்த வேலை.

புனித மிலாக்ரோ ஆண்டவர் உங்கள் வீட்டுக் கூரையையும், உங்கள் கண்பார்வையையும், ஊசி பிடிக்கும் விரல்களையும் காக்கட்டும். உங்கள் தங்கைக்கும், அவர் பூனைக்கும் என் விசாரிப்புகள். பேருந்தில் ஜன்னலோரம் உட்காராதீர்கள், காது அடைத்துக்கொள்ளும்.

என்றும் உங்கள் பெயருக்குக் கடமைப்பட்ட,
கசில்தா மாமானி

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை காலை. ஒட்டிய உறையைக் கத்தியால் பிரித்து இதை எழுதுகிறேன். விண்ணப்பத்தை மறந்துவிடுங்கள். கோழிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில், "தோன்யா கசில்தா!" என்று குரல் கேட்டது. பார்த்தால் அவர். கையில் உங்கள் ரொட்டித் துணி. துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து. எண்ணெய்க் கறை போய்விட்டது. "எம்பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "பேரை ரமீரோகிட்ட கேட்டேன். ஹெர்மெலிந்தா இல்லைன்னு அன்னிக்கே தெரியும். நாப்பது வருஷம் டிக்கெட் பார்த்தவன்மா நான். அடுத்தவங்க டிக்கெட்ல ஏறினவங்களை முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். உங்க விஷயத்துல அதுகூடத் தேவைப்படல. துக்குமான்காரி ஒருத்தி உருளைக்கிழங்கு எம்பனாதாவை வாயில வெச்சுக்கிட்டு சொகமா கண்ணை மூடுவாளா? எழுந்து சமையல்காரனையில்ல தேடுவா!" என்றார். "அப்போ அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றேன். இலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "சொல்லியிருந்தா நீங்க கசில்தா ஆகியிருப்பீங்க. கசில்தா ஆகியிருந்தா நேரமாச்சுன்னு வீட்டுக்குக் கிளம்பியிருப்பீங்க" என்றார்.

ஆகவே சனிக்கிழமை நீங்கள் உங்கள் பெயரிலேயே, கறுப்பு உடையிலேயே வரலாம். ரொட்டித் துணி கூடையின் மேல்தான் இருக்கும், எழுத்து வெளியே தெரியும்படி வைக்கிறேன். எம்பனாதாவில் உருளைக்கிழங்கு உண்டு, நிறைய உண்டு; மேலே போட்ட கையெழுத்து செல்லாது. வரும்போது ஒரு சின்ன வெள்ளைக் கைக்குட்டை தைத்துக்கொண்டு வரவும். எழுத்து எதுவும் வேண்டாம். "அந்த ஸாம்பா இன்னும் முடியலை, சனிக்கிழமை முடிச்சிடுவோமா?" என்று அவர் போகும்போது கேட்டார். நான் தலையை ஆட்டினேன். இந்த முறை என் வாயில் ஒன்றும் இல்லை.